உன் பங்குச் சோறு

கள்ளக்குறிச்சி
24.10.1987

அன்புத் தம்பி தீனதயாளனுக்கு,

அக்கா ஆண்டாள் எழுதுவது. எல்லாரும் நலம், உன் நலத்துக்குப் பதில் போடு என்று தொடங்குவதுதான் நம் வீட்டு வழக்கம். இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. அம்மா நலம். ஈன்ற மாடும் கன்றும் நலம். உன் மாமாவுக்கு வழக்கமான இடுப்புப் பிடிப்பைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனால் உன் பெண்டாட்டி பூமாலை நலமாக இல்லை. அவள் வயிற்றுப் பிள்ளையை உயிரோடு கையில் வாங்குவோமா என்று டாக்டரம்மாவுக்கே சந்தேகமாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்கு முன்னால், இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு உன்னிடம் கொடுக்கப்போகும் சிறை அதிகாரி ஐயாவுக்கு என் வணக்கம். ஐயா, இதில் முழுக்கச் சோற்றைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஒரு வரியையும் அடிக்காமல் கொடுத்துவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

ஊர்ச் செய்தி கொஞ்சம். இட ஒதுக்கீட்டு மறியல் வாரத்தில் பிடித்துக்கொண்டு போனவர்களில் பாதிப் பேர் வீடு திரும்பிவிட்டார்கள். உன் பேரில் பஸ் மேல் கல் எறிந்த வழக்கு இருப்பதால் ஜாமீன் இழுக்கிறது என்கிறார் வக்கீல். எறிந்தாயா இல்லையா என்று நான் கேட்கவில்லை. ரிஷிவந்தியம் பக்கம் நல்ல மழை, ஏரி பாதிக்கு மேல் ஏறிவிட்டது. கரும்புக்குத் தை மாதம்தான் ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வரும் போலிருக்கிறது. உன் மாமா அதைப் பார்த்துக்கொள்வார்.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் என் வேலையைப் பற்றி உனக்கு எப்போதும் ஒரு கேலி உண்டு. சோறு துன்னக் கத்துக்குடுக்க ஒரு சம்பளமா அக்கா என்று சிரிப்பாய். இப்போது வந்து பார். மறியலுக்குப் பிறகு என் அறைக்கு வெளியே பெஞ்சில் இடம் கிடைப்பதில்லை. ராஜாங்கம் என்று ஒரு பஸ் டிரைவர் வருகிறார். அந்த வாரம் உளுந்தூர்பேட்டையில் அவர் ஓட்டிய பஸ்ஸின் முன்கண்ணாடி கல் பட்டு நொறுங்கி மடியில் விழுந்திருக்கிறது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்றிலிருந்து உளுந்தூர்பேட்டை நெருங்கினாலே வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் போண்டா வாங்கித் தின்கிறார். அவ்வளவு பசியா என்று கேட்டேன். "பசியெல்லாம் இல்லம்மா. வாய் அசைஞ்சிக்கினே இருந்தா கை நடுங்க மாட்டேங்குது" என்றார். அதே வாரத்தில் குடிசை எரிந்து நிற்கிறவர்களும் வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஆலோசனை ஒன்றும் இல்லை, அரிசிதான் வாங்கிக் கொடுக்க முடிந்தது. ரோட்டில் இறங்கியபோது இவர்களையெல்லாம் நீங்கள் யாராவது நினைத்தீர்களா என்று எனக்குத் தெரியாது.

பயத்துக்குத் தின்கிறவர்களிடம் குறைத்துச் சாப்பிடு என்று சொல்வது வீண் வேலை. எந்த நேரத்தில், எதை நினைத்துக் கை வட்டிலுக்குப் போகிறது என்று பிடிக்க வேண்டும். பூமாலை விஷயத்தில் அதைப் பிடிக்கத்தான் எனக்கு இத்தனை நாள் ஆயிற்று.

போன மாதம் அவளைப் பரிசோதனைக்கு அழைத்து வந்தேன். எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு நீல மருந்து உண்டு. அதில் சில சொட்டுச் சிறுநீர் விட்டுக் குழாயைச் சூடு காட்டினால், சர்க்கரை இல்லாதவர்களுக்கு நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, கூடக்கூட மஞ்சள், மிக ஜாஸ்தி என்றால் செங்கல் நிறம். பூமாலையின் குழாய் செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், "நம்ம சூளைக் கல்லு மாதிரி கீது அண்ணி" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன தடவை பிறந்த பிள்ளையை நினைத்துப் பார். அஞ்சு மாசக் குழந்தை மாதிரிக் குண்டாகப் பிறந்தான் என்று ஊரே வந்து பார்த்தது. மறுநாள் போய்விட்டான். கண்ணு பட்டுவிட்டது என்று அம்மா பார்க்க வந்தவர்களையெல்லாம் தெருவில் நின்று திட்டினாள். இது யார் கண்ணும் இல்லை. தாய்க்குச் சர்க்கரை ஏறினால் பிள்ளை அப்படித்தான் ஊதிப் பிறக்கும், பிறந்த பிறகு தாங்காது என்கிறார் டாக்டரம்மா. இந்தத் தடவையும் அப்படி விட மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

நெல்லுச் சோற்றைக் குறைத்து, கல்வராயன் மலையிலிருந்து வாங்கி வந்த சாமையைக் கொடுத்தேன். கீரை, பயறு, மோர் எல்லாம் அளவு சொல்லி அனுப்பினேன். ஒன்றிலும் நிறம் மாறவில்லை. ஆகவே போன ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய் அடுப்படியில் உட்கார்ந்தேன். உலைக்கு அரிசி எடுத்தாள். நீ வீட்டில் இருந்தபோது போட்ட அதே அளவு. ஒரு ஆள் குறைந்திருக்க எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். கூடத்திலிருந்து அம்மா பதில் சொன்னாள். "ஆம்பள வெளியில போயிருக்கச் சொல்ல உலையில அவன் பங்கைக் கம்மி பண்ணுவாங்களாடி? அப்புறம் அவன் எப்புடி வூடு வந்து சேருவான்?"

விளக்கு வைத்ததும் சாப்பிட்டோம். பூமாலை தன் பங்குச் சாமையை நான் சொன்ன அளவில் சாப்பிட்டாள். மனசுக்குள் அவளை மெச்சிக்கொண்டேன். பிறகு எழுந்து உன் வட்டிலை எடுத்தாள். நெல்லுச் சோற்றைக் குவித்து, நடுவில் குழி பறித்துக் கருவாட்டுக் குழம்பை ஊற்றி, நீ உட்காரும் இடத்தில் வைத்தாள். வைத்துவிட்டு அடுப்பைத் துடைத்தாள். அப்புறம் வந்து அதன் முன்னால் உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தாள். ருசித்துத் தின்னவில்லை தம்பி. பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரித் தலையே நிமிரவில்லை. என்னம்மா இது என்றேன். "புருஷன் வட்டில்ல மீந்தது பொண்டாட்டிக்குத்தானே அண்ணி" என்றாள்.

அப்போதுதான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். உலையில் போடுவதுதான் வழக்கம் என்றால் போடு, ஆனால் நீ தின்னாதே, காக்காய்க்கு வைத்துவிடு என்று சொல்லிவிட்டேன். அம்மா எழுந்து வந்தாள் பார். "என் புள்ள உசுரோட ஜெயில்ல கீறான்டி. அவனுக்குக் காக்காச் சோறு வைக்கச் சொல்றியே, உன் படிப்புல தீய வைக்க!" சரி, கோயில் வாசலில் பிச்சைக்காரர்களுக்குக் கொடுக்கலாம் என்றேன். அது திதி கொடுக்கிறவர்கள் செய்வதாம். ஆற்றில் என்று ஆரம்பித்தேன், ஆற்றில் எதைக் கரைப்பார்கள் என்று எனக்கே நினைவு வந்து வாயை மூடிக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால், இருக்கிறவன் பங்குச் சோற்றை வெளியே கொடுக்க நம் வழக்கத்தில் ஒரு வழியும் இல்லை. எல்லாம் செத்தவனுக்குத்தான் வழி. அதனால் அது பூமாலை வயிற்றுக்குள் போகிறது.

அம்மாவிடம் வாதாடிப் பார்த்தேன். "நம்ம ரிஷிவந்தியத்துல சாமியே பாதி ஆம்பள பாதி பொம்பளையாத்தான் நிக்குது. புருஷன் பங்கு பொண்டாட்டி வயித்துல போனா இன்னா தப்பு?" என்றாள். அர்த்தநாரீஸ்வரருக்குப் பாதியும் பாதியும் சேர்ந்தால் ஒரு உடம்பம்மா, இவளுக்கு இரண்டு பங்கும் சேர்ந்து இரண்டு உடம்பாகிறது என்றேன். பூமாலை சிரித்தாள். சிரித்துவிட்டு வட்டிலைக் கழுவி, மறுநாளைக்கு எடுக்க வாகாக நிமிர்த்தி வைத்தாள்.

நாத்தனார் சொல்லி இது நிற்காது. பங்குக்காரன் நீ சொன்னால் நிற்கும். அவளுக்கு இரண்டு வரி எழுது. எனக்கு இங்கே வேளாவேளைக்குச் சோறு போடுகிறார்கள், என் பங்கை உலையில் போடாதே என்று எழுது. வேறு கதை எதுவும் எழுதாதே. பிள்ளை தையில் பிறக்க வேண்டும், நாள் அதிகம் இல்லை.

அம்மன் உனக்குத் துணை இருக்கட்டும். இந்த ஒரு தடவையாவது அக்கா சொல்வதைக் கேள்.

உன் அக்கா,
ஆண்டாள்


கள்ளக்குறிச்சி
29.11.1987

தம்பி தீனதயாளனுக்கு,

ஆசீர்வாதம். "அன்பு" என்ற வார்த்தையை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். அந்த அளவுக்கு உன் மேல் கோபமாக இருக்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கு நானும் ஊரில்தான் இருந்தேன். பூமாலை எழுத்துக்கூட்டிப் படித்தாள், நானும் அம்மாவும் கேட்டோம். "என் பங்கையும் சேர்த்து நீயே வயிறாரச் சாப்பிடு. நீ சாப்பிட்டால் நான் சாப்பிட்ட மாதிரி. சிங்கக்குட்டியாகப் பெற்றுக்கொடு." அட மடையா! நான் என்ன எழுதச் சொன்னேன், நீ என்ன எழுதியிருக்கிறாய்? எந்தச் சினிமாவில் பார்த்தாய் இந்த வசனத்தை? அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியாடி, என் புள்ளையே சொல்லிட்டான்" என்றாள். பூமாலை கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அன்று உன் வட்டிலில் ஒரு கரண்டி கூடவே விழுந்தது. அந்த வாரம் குழாயைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

டாக்டரம்மா தினமும் ஊசி போட வேண்டும் என்றார். ஊசி மருந்தைக் குளிர்ச்சியில் வைக்க ஊரில் யார் வீட்டிலும் பெட்டி இல்லை. ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைக்கலாம் என்றால், சும்மா படுத்துக் கிடக்கும் பெண் இன்னும் எதையாவது நினைத்து நினைத்துத் தின்பாள். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் கொடுங்கள் என்று கேட்டேன். இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நீதான் பொறுப்பு ஆண்டாள் என்று சொல்லிவிட்டுக் கொடுத்தார். பொறுப்பை ஏற்றுக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

இதற்கிடையில் நம் தெருப் பழனி ஜாமீனில் வெளியே வந்தான். நேரே நம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, பூமாலை கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே உன் பெருமையைப் பாட ஆரம்பித்தான். "தீனா அண்ணன் மாதிரி யாரும் கெடையாது. ஒதுக்கீடு வர்ற வரைக்கும் ராச்சோறு தொடமாட்டேன்னு துரோபதையம்மன் மேல சத்தியம் பண்ணிட்டாரு. சாயங்காலம் தட்டு வந்தா தள்ளி வச்சிடறாரு." அவன் சொல்லிக்கொண்டே போகிறான், நான் கண்ணைக் காட்டுகிறேன், அவனுக்குப் புரியவே இல்லை. பூமாலை எழுந்து அடுப்படிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். பானைக்குள் கையை விட்டு வெறும் சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடுகிறது, வாய் மட்டும் நிற்கவில்லை.

அன்றைக்கு நான் அவளைத் தடுக்கவில்லை. டாக்டரம்மாவைக் கேட்டுக்கொண்டு, மறுவாரம் என்னோடு வெள்ளிமலைக்கு அழைத்துப் போனேன். மாதத்துக்கு ஒரு முறை அங்கே எங்களுக்கு முகாம் உண்டு. "வயித்துப் புள்ளக்காரியை மலையேத்துறியே, உனக்கு மூள கலங்கிப்போச்சா" என்று அம்மா கத்தினாள். மெதுவாக ஓட்டச் சொல்லிப் பஸ்ஸில் முன் சீட்டில்தான் உட்காரவைத்தேன். மலையில் நல்ல குளிர், எதிரே ஆள் வந்தால் தெரியாத மூடுபனி. நர்ஸ் வீட்டில் தங்கினோம். அங்கே உன் வட்டில் இல்லை, நீ உட்காரும் இடம் இல்லை, அம்மா இல்லை. பூமாலை ஒரு கிண்ணம் சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் போதும் அண்ணி என்றாள். விடிந்து எழுந்ததும் பார்த்தேன், குழாய் பச்சையாக இருந்தது.

சந்தோஷத்தில் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அவளாகப் பேசினாள். "பசியில்ல அண்ணி. வெளக்கு வைக்கிற நேரத்துலதான் வேன் வந்து அவரை ஏத்திக்கினு போச்சி. தெனம் அந்த நேரம் வந்தா வயித்துல என்னமோ பொரளுது. பயமா பசியான்னு எனக்கே தெரியல. துன்னா அடங்குது. இப்ப அவரு ராவுல பட்டினி கெடக்கிறாருன்னு தெரிஞ்சிப்போச்சி. ரெண்டு பேர்ல ஒருத்தராவது துன்னாத்தானே அண்ணி அவரு உசுரு நிக்கும்?"

புரிகிறதா தம்பி? நீ அங்கே தள்ளிவைக்கும் தட்டை அவள் இங்கே இழுத்துத் தின்கிறாள். நீ பிடிக்கும் விரதம் உன் பிள்ளையின் மேல் போய் விழுகிறது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவளுக்கு வேறு வேலை கொடுத்திருக்கிறேன். பொழுது சாய்வதற்கு முன்பே அவளும் அம்மாவும் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். விளக்கேற்றியதும் இரண்டு பேருமாக ஏரிக்கரை வரை நடந்துவிட்டு வர வேண்டும். வயிறு புரண்டால் சூடாக ஒரு டம்ளர் மோர் ரசம், கையில் கொஞ்சம் வறுத்த கொண்டைக்கடலை, ஒவ்வொன்றாக மென்று தின்ன. பயம் வருவதை நம்மால் நிறுத்த முடியாது, அது வரும்போது பானை பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். நடக்கிறாள், மெல்லுகிறாள், எல்லாம் செய்கிறாள். திரும்பி வந்து உன் வட்டிலையும் எடுக்கிறாள். அதை நிறுத்த என்னால் முடியவில்லை, உன்னால்தான் முடியும்.

அம்மன் மேல் செய்த சத்தியத்தை எப்படி மீறுவது என்று நீ கேட்பாய். உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா! அதனால் போன வெள்ளிக்கிழமை திரௌபதி அம்மன் கோயிலுக்குப் போய்ப் பூசாரியைக் கேட்டேன். கூடப் பிறந்தவர்கள் ஒருத்தர் வேண்டுதலை இன்னொருத்தர் ஏற்கலாம், ஆனால் அதைவிடப் பெரிதாகச் செய்ய வேண்டும் என்றார். நான் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன். உன் ராச்சோற்று விரதத்துக்குப் பதிலாக, வருகிற சித்திரையில் நான் தீ மிதிக்கிறேன். ஆமாம், நான்தான். தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பைக்கூட எட்ட நின்று பிடிக்கிறவள்தான். உன் மாமா கேட்டுவிட்டு, "ஆஸ்பத்திரியில வேல பாக்கிறவ பேசற பேச்சா இது" என்று தலையில் அடித்துக்கொண்டார். பேசியாகிவிட்டது, மிதிக்கத்தான் போகிறேன். இன்றிலிருந்து அந்தச் சத்தியம் உன்னுடையது இல்லை.

ஒதுக்கீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் தெருவில் பட்டம் வாங்கிய முதல் பெண் நான். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு எத்தனை ஆபீஸ் வாசலில் நின்றேன் என்பது உனக்குத் தெரியும். நம் பிள்ளைகளுக்கு ஒரு இடம் கிடைக்க வேண்டும் என்றுதானே ரோட்டில் உட்கார்ந்தாய்? அந்த இடம் ஒரு நாள் வரும். அதில் போய் உட்காரப் பிள்ளை வேண்டாமா?

இனி நீ செய்ய வேண்டியது இதுதான். ராத்திரி சாப்பிடு. ஒவ்வொரு ராத்திரியும் என்ன சாப்பிட்டாய் என்று எழுதி வாரம் ஒரு கடிதமாகப் பூமாலைக்கு அனுப்பு. சிங்கக்குட்டி, புலிக்குட்டி எல்லாம் வேண்டாம். சோறு, குழம்பு, அளவு, அவ்வளவுதான். என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் எழுதிக் கொண்டுவருவார்கள். இன்று முதல் நீயும் என் பேஷண்ட் என்று வைத்துக்கொள்.

உன்னைத் திட்டிக்கொண்டே உனக்காக வேண்டிக்கொள்ளும்,
அக்கா ஆண்டாள்


கள்ளக்குறிச்சி
20.12.1987

அன்புத் தம்பி தீனதயாளனுக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன், நீ மூச்சு விடு. நேற்று பூமாலையின் குழாய் நீலமாகவே இருந்தது. போன வாரமும் அப்படித்தான். பிள்ளை அளவாக வளர்கிறது, ஊசி வேண்டாம், பொங்கல் கழிந்ததும் கொண்டுவந்து சேர்த்துவிடு என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பிறந்த உடனே பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் குழந்தை டாக்டருக்கும் சொல்லிவைத்திருக்கிறார். இந்தத் தடவை அவர் சிரித்ததை நான் பார்த்தேன்.

எல்லாம் உன் கடிதங்களால்தான். அவற்றை அவள் எப்படிப் படிக்கிறாள் தெரியுமா? ஒரே மூச்சில் படிப்பதில்லை. விளக்கேற்றி, ஏரிக்கரைக்குப் போய் வந்து, ஒரு நாளுக்கு உரியதை மட்டும் சத்தமாகப் படிக்கிறாள். திங்கள் ராத்திரி சோறு, சாம்பார், பூசணிக்காய்ப் பொரியல். செவ்வாய் ராத்திரி சோறு, சாம்பார், கத்தரிக்காய். அம்மா கண்ணை மூடிக்கொண்டு புராணம் கேட்கிற மாதிரிக் கேட்கிறாள். முதல் நாள் படித்து முடித்ததும் பூமாலை உன் வட்டிலைக் கையில் எடுத்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அதைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். "அவருதான் அங்க சாப்ட்டாரே அத்தை" என்று அம்மாவிடம் சொன்னாள். மறுநாள் உலையில் உன் பங்கு விழவில்லை. அம்மாவே அரிசிப் பானையை மூடி வைத்தாள். நான்தான் அடுப்படியில் நிற்க முடியாமல் கொல்லைப் பக்கம் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இனி உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டியது. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

டிரைவர் ராஜாங்கத்தைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? தினமும் சாப்பிட்டதை எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அவரிடமும் சொல்லியிருந்தேன். முதல் தடவை அழகாக எழுதிக்கொண்டு வந்தார். காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் அளவுச் சோறு, ராத்திரி கேழ்வரகு அடை. ஒரு நாள்கூடப் பிசகவில்லை, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. படித்துவிட்டு, இதில் ஒரு வாய்கூட நீங்கள் சாப்பிடவில்லையே என்றேன். எப்புடிம்மா கண்டுபிடிச்சீங்க என்று அசடு வழிந்தார். அடுத்த தடவை வந்தபோது கதவைத் திறந்ததுமே சண்டை. "இன்னாம்மா அடை அது, மண்ணு மாதிரி கீது, தொண்டையில எறங்கல. உங்க வூட்டுக்காரருக்கு இதத்தான் போடறீங்களா?" என்று கத்தினார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். நிஜமாகவே சாப்பிடுகிறவன்தான் குறை சொல்வான். இப்போது உளுந்தூர்பேட்டை வந்தால் கண்டக்டரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே தாண்டிவிடுகிறாராம். எப்போதாவது ஒரு போண்டா, அதையும் மறைக்காமல் எழுதுகிறார்.

தம்பி, உன் கடிதங்களை நானும் படித்தேன். இரண்டு வாரம், எத்தனை ராத்திரி. ஒரு நாளாவது குழம்பு சரியில்லை என்று எழுதினாயா? சோற்றில் கல், பொரியல் தீய்ந்தது, சாம்பார் தண்ணீர், எதுவும் இல்லை. நம் அம்மா கைக் குழம்பிலேயே உப்பு கம்மி புளி ஜாஸ்தி என்று வட்டிலைத் தள்ளுகிறவன் நீ. பூமாலையைக் கல்யாணம் செய்துகொண்ட மறுநாளே ரசத்துக்குச் சண்டை போட்டவன். ஜெயில் சோறு உனக்கு அவ்வளவு தேவாமிர்தமாக இருக்கிறதா? போன வாரம் உன்னைப் பார்த்துவிட்டு வந்த உன் மாமா என்னிடம் தனியாகச் சொன்னார், தோள் எலும்பு சட்டைக்கு மேலே தெரிகிறது என்று. பூமாலையிடம் நன்றாக இருக்கிறான் என்று சொல்லிவிட்டார்.

நீ சாப்பிடவில்லை. உன் விரதம் என்னிடம் வந்து சேரவில்லை, இன்னும் உன்னிடமே இருக்கிறது. நான் சொன்னேன் என்பதற்காகத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, பேனாவை எடுத்துச் சோறு சாம்பார் என்று எழுதுகிறாய்.

கோபப்படத்தான் உட்கார்ந்தேன், வரவில்லை. பசியோடு உட்கார்ந்து பூசணிக்காய்ப் பொரியல் என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்ததடா? அவளுக்காக அதைச் செய்தாய் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தப் பொய்யால்தான் பிள்ளை இன்றைக்குப் பிழைத்துக் கிடக்கிறது. அதனால் அவளிடம் நான் மூச்சு விடவில்லை, விடவும் மாட்டேன்.

ஆனால் பழனி மாதிரி இன்னொருத்தன் நாளைக்கு வெளியே வருவான். நம் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடிப்பான். தீனா அண்ணன் இன்னும் ராச்சோறு தொடுவதில்லை என்பான். அன்றைக்கு அவள் கவிழ்த்த வட்டிலை மறுபடியும் எடுப்பாள். கவிழ்த்து வைத்த அத்தனை நாளுக்கும் சேர்த்துத் தின்பாள், நான் காலில் விழுந்தாலும் நிற்காது. பிரசவத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. அதற்குள் அந்தப் பொய்யை நீ நிஜமாக்கிவிட வேண்டும். அம்மனுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். தீயில் நான் இறங்கத்தான் போகிறேன், நீ சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். சாப்பிட்டால் கால் சுடாமல் கடந்துவிடுவேன் என்று எனக்கு ஒரு தைரியம்.

பட்டினி கிடந்த வயிற்றில் எடுத்த எடுப்பில் நிறையப் போட்டுவிடாதே. முதல் நாள் ராத்திரி கஞ்சித் தண்ணீர், உப்புப் போட்டு. அடுத்த நாள் குழைந்த சோறு, கொஞ்சம். அப்புறம் மெதுவாகக் கூட்டிக்கொள். இது அக்கா சொல்வது இல்லை, ஆஸ்பத்திரிக்காரி சொல்வது.

ஐயா, இதைப் படிக்கும் அதிகாரி ஐயா, உங்களையும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். இன்று சாயங்காலம் தட்டு வரும்போது இவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

அடுத்த வாரக் கடிதத்துக்குப் பூமாலை காத்திருப்பாள், நானும் காத்திருப்பேன். அதில் ஒரு குறையாவது எழுது, தம்பி. குழம்பில் உப்பே இல்லை என்று எழுது. சோறு கட்டி கட்டியாக இருந்தது, சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது, இதையெல்லாம் மனுஷன் தின்பானா என்று கெட்ட வார்த்தையில் திட்டி எழுது. அவள் சிரிப்பாள். எனக்கு அது போதும்.

நீ நூறு வயசு இருக்க வேண்டும்.

அக்கா ஆண்டாள்